துவைக்கப் போன திரை

எலியைத் தண்ணீரில் போடுவது என் உத்தியோகம். கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது. பதினொரு வருடமாக ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இதைத்தான் செய்கிறேன். ஒரு எலிகூட என் கையில் மூழ்கியதில்லை.

வேலை இதுதான். அறை நடுவில் பெரிய வட்டத் தொட்டி. அதில் பால்பவுடர் கரைத்து வெள்ளையாக்கிய வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. ஓரத்தில் இறக்கிவிட்டால் எலி நீந்தி நீந்தி அலையும். தற்செயலாக மேடையில் கால் பட்டதும் ஏறி நின்று மூச்சு வாங்கும். அடுத்த முறை சீக்கிரம் வரும், அதற்கடுத்த முறை இன்னும் சீக்கிரம். நாலு சுவரிலும் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, பட்டைக் கோடு என்று கறுப்பில் பெரிதாக ஒட்டியிருக்கும். அவற்றை அடையாளம் வைத்து, மேடை இன்ன திசையில் என்று எலி மனசில் படம் போட்டுக்கொள்ளும். எத்தனை நொடியில் வந்து சேர்கிறது என்பதுதான் அதன் ஞாபகத்துக்கு நாங்கள் போடும் மதிப்பெண்.

இந்த முறை இருபத்து நாலு எலிகள். அவற்றில் பாதியை ஒரு மாதம், தினம் இரண்டு மணி நேரம், நுண்ணலை வீசும் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தொலைத்தொடர்புக் கோபுரங்களில் முரசு மாதிரி வட்டமாக மாட்டியிருப்பார்களே, அதிலிருந்து வருகிற அலை. மீதிப் பாதியும் அதே பெட்டியில் அதே நேரம் இருந்தன, ஆனால் அலையைப் போடவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டது வேறு ஆட்கள். என்னிடம் வரும்போது பாதி எலிக்கு வாலில் நீல மை, பாதிக்குச் சிவப்பு மை, அவ்வளவுதான். எந்த நிறத்துக்கு அலை என்று எழுதிய தாள் ஒட்டிய உறைக்குள், எங்கள் தலைமை ஆய்வாளர் மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. தெரிந்தால் கை தானாக ஓரவஞ்சனை செய்யும் என்பது மேடத்தின் கட்சி.

ஓரவஞ்சனைக்கு எனக்குக் காரணமும் இருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது அந்த முரசுகளோடுதான்.

அவரை வேலையிடத்தில் உச்சாணி என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கோபுரம் ஏறுகிறவர். அறுபது மீட்டர் உயரத்தில், இடுப்புப் பட்டையில் இரண்டு கொக்கியோடு நிற்பார். ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் முரசுக்கு முன்னால் போவதென்றால், கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து அலையை நிறுத்தச் சொல்லி, கீழே மின்சாரப் பெட்டியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இதையெல்லாம் அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் போன் செய்யாமல், பூட்டுப் போடாமல் ஏறிவிட்டார். நாற்பது நிமிடம் முரசுக்கு நேர் முன்னால் நின்று திருகு முடுக்கியிருக்கிறார். கீழே இருந்த கூட்டாளி பெட்டியில் அலை ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். இறங்கி வந்து, போன் செய்ததாகச் சத்தியம் செய்தார். கட்டுப்பாட்டு அறைப் பதிவில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. கம்பெனி அவரை வீட்டில் உட்கார வைத்தது. டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கி வந்தால்தான் மறுபடி ஏறலாம் என்று சொல்லிவிட்டது.

“பண்ணினேன்னுதான் ஞாபகம்,” என்றார் என்னிடம். “பேசினது காதுல கேக்குது. போன வாரம் பேசினதா, அன்னிக்குப் பேசினதா, அதுதான் தெரியலை.”

“எல்லாருக்கும் ஒருநாள் மறக்கும்,” என்றேன். அவருக்குச் சொன்னேனா எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை. அந்த அலை மூளையை ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் காலில் விழுந்திருப்பேன். எலி சொன்னாலும்தான்.

எலிகள் சொல்லத்தான் செய்தன. திங்கட்கிழமை தொடங்கினோம். புதன்கிழமைக்குள் நீலமும் சிவப்பும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் பத்து நொடியில் மேடைக்கு வந்துகொண்டிருந்தன. பதினொரு வருடத்தில் இவ்வளவு சமர்த்தான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பார்.

“நம்ம ஆளுங்க எப்படி?”

“நீலம் ஒம்பது செகண்டு. சிவப்பு பத்து.”

“அப்ப யாருக்கும் மண்டை குழம்பலை.”

“அவங்களுக்குக் குழம்பலை. உங்களைத் தொட்டியில போட்டாத்தான் தெரியும்.”

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே எலிகளை மனசுக்குள் கொஞ்சினேன். அலமாரியில் இருக்கும் உறையைப் பிரித்தால் அதற்குள் என் குடும்பத்துக்கு நல்ல செய்தி இருக்கும் என்று நம்பினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலியைத் தண்ணீரில் விட்டதும் நான் அங்கே நிற்கக் கூடாது. மூலையில் ஒரு கறுப்புத் திரை உண்டு. அதற்குப் பின்னால் போய், கேமரா வழியாகத்தான் நேரம் பார்க்க வேண்டும். அந்தத் திரையில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று துப்புரவுக்காரர்கள் திங்கட்கிழமை காலை துவைக்க எடுத்துப் போனார்கள். மத்தியானம் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். கை கழுவும் தொட்டி ஓரம் மட்டும்தான் அந்த அறையில் தரை ஈரமில்லாத இடம். அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, வெள்ளை அங்கியும் கடிகாரமுமாக மூன்று நாளும் நின்றேன். திரையை நான் ஒரு சம்பிரதாயமாகத்தான் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை விடுப்பு. அன்றுதான் என் வீட்டுக்காரருக்கு டாக்டர் பரிசோதனை. என் இடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளத் தசமம் ஒப்புக்கொண்டார். தசமம் எங்கள் கூடத்தின் கணக்குக்காரர். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் பதில் சொல்வார், அதனால் அந்தப் பெயர்.

டாக்டர் நல்ல மனிதர். என்னைப் பார்த்து, “நீங்க வேணா வெளிய உக்காருங்களேன்” என்றார்.

“அவ இருக்கட்டும் டாக்டர்,” என்றார் அவர்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. நான் மேசைக்குப் பக்கவாட்டில், என் வீட்டுக்காரரின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். டாக்டர் ஐந்து வார்த்தை சொன்னார்: குடை, கடிகாரம், நாற்காலி, ரயில், கத்தரி. பிறகு வேறு எதையெதையோ கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து, “அந்த அஞ்சு வார்த்தை ஞாபகம் இருக்கா?” என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

என் முகம் சீட்டாட லாயக்கில்லாத முகம். மடியில் வைத்திருந்த குடையை நான் இறுக்கிப் பிடித்தேன். “குடை,” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மணிக்கட்டைத் திருப்பினேன், நேரம் பார்க்கத்தான். “கடிகாரம்.” சற்று நகர்ந்து உட்கார்ந்தேன். “நாற்காலி.” மீதி இரண்டிலும் தடுமாறினார். ரயிலைத் தானே பிடித்துவிட்டார். கத்தரியை விட்டுவிட்டார்.

“அஞ்சுக்கு நாலு. இந்த வயசுக்குப் போதும்,” என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தத் தாளோடு வேலைக்குப் போகலாம்.

வேண்டுமென்று நான் எதுவும் செய்யவில்லை. அன்று ராத்திரி வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வழியில் கேக் வாங்கி வந்தோம். அவர் பாதியை எனக்குத் தள்ளினார். கல்யாணமான புதிதில் மாதிரி வாயாடிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை அங்கியை மாட்டுவதற்குள் தசமம் வந்து நின்றார்.

“அக்கா, கொஞ்சம் வீடியோ பாருங்க.”

“ஏன், எலி ஏதாவது செத்துப்போச்சா?”

“செத்திருந்தாக்கூடப் பரவாயில்லை.”

கணினித் திரையில் வெள்ளைத் தொட்டி, மேலிருந்து எடுத்தது. தசமம் கை கழுவும் தொட்டிப் பக்கம் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் ஒரு முக்காலி. வெள்ளை அங்கியோடு, குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். நீல வால் எலி ஒன்றை விட்டார். அது ஒரு கணம் தலையைத் தூக்கியது. நேராக அவரை நோக்கி நீந்தியது. மேடை இருந்தது வழக்கம்போலக் கை கழுவும் தொட்டிப் பக்கம். அது அவருக்கு முன்னால் இருந்த தண்ணீரில் சுற்றியது, இங்கேதான் இருக்க வேண்டும் என்கிற பிடிவாதத்தோடு மறுபடி மறுபடி சுற்றியது. கொடுத்த அறுபது நொடியும் முடிந்தது. அடுத்து சிவப்பு வால். அதுவும் அவரிடம்தான் போனது. இருபத்து நாலும் அப்படியே.

நான் முதலில் சிரித்துவிட்டேன். “உங்க மேல இத்தனை பாசமா?”

“பாசம் உங்க மேல அக்கா. முக்கோணம், வட்டம் எதையும் அதுங்க திரும்பிக்கூடப் பார்க்கலை. வெள்ளை அங்கி எங்க நிக்குதோ அதுக்கு முன்னாடி மேடை. அவ்வளவுதான் படிச்சிருக்கு. மூணு நாளா நீங்க ஒரே இடத்துல நின்னிருக்கீங்க.”

“திரை துவைக்கப் போயிருந்துச்சு.”

“தெரியும். மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்.”

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி ஒரு வழியாக முடிந்திருக்கும். ஒரு மாத உழைப்பு வீண், இந்த எலிகளை இனி எதற்கும் பயன்படுத்த முடியாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“அந்த உறையைப் பிரிச்சுப் பார்த்தா ஏதாவது தெரியாதா மேடம்?”

“என்ன தெரியும்? அலை பட்டதோ படாததோ, எல்லாம் உன்னைப் பார்த்து வந்திருக்கு. ஞாபகத்துக்கு அங்க வேலையே வரலை. நீ நிக்கிறப்ப அதுங்க எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்?”

அவர் எலிகளைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு டாக்டர் அறையில் என் மடியில் இருந்த குடை கண் முன்னால் வந்தது.

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் பை கட்டுவார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அது ஒரு சடங்கு. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்புவார்: தலைக்கவசம், இடுப்புப் பட்டை, இரண்டு கொக்கி, கையுறை, பூட்டு, சாவி, முடுக்கிகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைப்பார். நான் சமையலறை வாசலில் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நிற்பேன். ஒரு பொருளை வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். எத்தனை வருடமாக இது நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் இல்லை. இரண்டு வருடமாகத்தான். அதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன். அன்புதான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் அது மட்டும் இல்லை.

அன்று துணி காயப்போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். கையில் ஈரத்துணியோடு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். கட்டின புருஷனைத் திருடி மாதிரி ஒளிந்து பார்க்கிறோமே என்று கூசியது. இருந்தாலும் பார்த்தேன்.

தலைக்கவசத்தைப் பையில் வைத்தார். நிமிர்ந்து குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். அடுத்து கொக்கிகளை வைத்தார். நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் நின்றார். பையைத் திறந்து கொக்கிகளை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மறுபடி உள்ளே வைத்தார். அடுத்த முறை ஒன்றை மட்டும் எடுத்து, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், இன்னொன்று பைக்குள் இருப்பது தெரியாமல். பிறகு நடந்து போய், நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே நின்றார்.

“வெச்சுட்டேனா?” என்று கேட்டார்.

யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கோபமில்லாமல், கூச்சமில்லாமல், தினமும் கேட்கிற கேள்வி போல. பதில் வருகிற வரை நின்றார். என் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அறுபது மீட்டர் உயரத்தில் இவர் எந்தப் பக்கம் திரும்பிக் கேட்பார் என்று நினைத்தேன்.

உள்ளே போய் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். எலிக் கதையை முழுக்கச் சொன்னேன். திரை, கை கழுவும் தொட்டி, தசமத்தின் முக்காலி, எல்லாம். கையில் இருந்த கொக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்கதான்,” என்றார் கடைசியில்.

“டாக்டர்கிட்ட மறுபடி போகணும்ங்க. இந்தத் தடவை நான் உள்ள வரமாட்டேன்.”

“கையெழுத்துதான் போட்டாச்சே.”

“அது என் முகத்துக்குப் போட்ட கையெழுத்து.”

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். “இருபத்திரண்டு வருஷம் ஏறினவன். யாரும் என்னை இறக்கினதில்லை. நீ இறக்கிவிடுறியா?”

“ஆமா,” என்றேன். “நீங்களா விழுறதுக்கு முன்னாடி நான் இறக்கிவிடுறேன்.”

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “குடையை நீ பிடிச்சதைப் பார்த்துத்தான் சொன்னேன். ரயில் ஒண்ணுதான் என்னோடது.” கொக்கியை மேசையில் வைத்துவிட்டு, “அந்த அலையாலதானா?” என்று கேட்டார்.

“தெரியலைங்க. வயசா இருக்கலாம். வியாதியா இருக்கலாம். அலையாவும் இருக்கலாம். ஒழுங்காக் கேட்டிருந்தா எலிங்க கொஞ்சமாவது சொல்லியிருக்கும். நான்தான் நடுவுல நின்னு கெடுத்துட்டேன்.”

“சரி விடு,” என்றார். எனக்கு அவர் ஆறுதல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டரிடம் போனில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லி வற்புறுத்தியிருக்க வேண்டும், தப்பு தன் பேரிலும்தான் என்றார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டார். பழைய சான்று மடித்தபடி பையில் இருந்தது. டாக்டர் அறைக் கதவில் கண்மட்டத்தில், உள்ளே பார்க்கிற மாதிரி சதுரமாக ஒரு கண்ணாடி. உள்ளே போவதற்கு முன்னால் என் முழங்கையைப் பிடித்தார்.

“உள்ள வரவேண்டாம். பேச்சு பேச்சுதான்.”

“சரிங்க.”

“ஆனா இந்தக் கண்ணாடிகிட்ட நில்லு. எதுவும் சொல்ல வேண்டாம். நான் திரும்பினா நீ தெரியணும், அவ்வளவுதான்.”

தலையாட்டினேன். தலையாட்டித்தானே பழக்கம்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் ஏதோ சொன்னார், ஐந்து முறை உதடு அசைந்தது. வேறு வார்த்தைகளாக இருக்கும், எனக்குக் கேட்கவில்லை. கழிக்கச் சொன்னார், வரையச் சொன்னார். இவர் குனிந்து பள்ளிக்கூடப் பையன் மாதிரி வரைந்தார். பத்து நிமிடம் போயிற்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைக் கேட்டார். என்ன கேட்டிருப்பார் என்று தெரியும்.

என் வீட்டுக்காரர் மேசையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு தலை மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

நான் கண்ணாடியை விட்டு இரண்டடி தள்ளி, சுவரோடு சுவராக நின்றுகொண்டேன்.